புயலுக்குக் குரல் கொடுத்தவன்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், சித்தி, நானே பழுது பார்த்தும் உறுமிக்கொண்டே இருக்கும் எங்கள் ஃபிரிட்ஜ், எல்லாரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன வாரம் என் சாம்ராஜ்யம் சரிந்தது. அந்த வரலாற்றை நானே எழுதிவிடுகிறேன், சித்தி எழுதினால் இன்னும் கேவலமாக இருக்கும். அவள் போனில் ‘புயல்’ என்று தனக்குப் பேர் வைத்துக்கொண்டு கோட்டை பிடிக்கும் சண்டை விளையாட்டு ஆடுகிறாள் இல்லையா. பகலெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் நரம்பு தேடி ஊசி குத்துகிற கை, குறி வைத்தால் கொசுவின் இடது மீசை மட்டும் தனியாக விழும். ஆனால் முதல் நாள் மைக்கில் பேசினதுமே எவனோ ஒருத்தன், அக்கா, வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் கொடுங்க என்றானாம். அதோடு வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் நம் தெரு சலூன்காரர், பேக்கரிக்காரர், மருந்துக்கடைக்காரர் மூவரோடும் சேர்ந்தபோது, அவள் ஆடிக்கொண்டே என் காதில் கிசுகிசுப்பாள், நான் மைக்கில் முழங்குவேன். ஆடுகிறவனும் நான்தான் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். நான் எதற்கு மறுக்கவேண்டும்? சலூனில் நுழைந்தால் தலைவரே என்று எழுந்து நிற்பார்கள், தெருவில் நடந்தால் பின்னால் நாற்பதாயிரம் யானை வருகிற மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி. மூணு பேரையும் கோட்டைக் கதவுக்குப் பின்னாலேயே நிற்கச் சொல்லுங்க என்றாள் சித்தி. எனக்குத்தான் தலைக்கனம் உத்தரத்தை முட்டுகிறதே, எல்லாரும் பாயுங்கடா என்று முழங்கிவிட்டேன். பாய்ந்தார்கள், மூணு விநாடியில் மூணு பேரும் காலி. விடுங்க தலைவரே, இன்னைக்கு நெட் சரியில்லை என்று எனக்கு ஆறுதல் வேறு. சித்தி மைக்கைப் பிடுங்கி, நெட் நல்லாத்தான் இருந்துச்சு, இத்தனை நாளா ஆடினது நான், இன்னைக்குத் தப்பாச் சொன்னது இவர் என்றாள். பிறகு பேக்கரிக்காரர், பரவாயில்லையே அண்ணி, அண்ணன் நல்லாப் பழக்கி விட்டிருக்காரு என்று பாராட்டினார் பார், அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. அப்போ குருநாதரே ஆடட்டும் என்று போனை என் மடியில் போட்டுவிட்டாள். ஆடினேன் மகளே. சுவரைப் பார்த்தே ஓடினேன், என் குண்டை என் காலடியிலேயே போட்டுக்கொண்டு செத்தேன். அதற்கும் அவர்கள் நெட்டைத்தான் திட்டினார்கள். என்னால் தாங்க முடியவில்லை, நெட்டும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, எனக்கு ஆடவே தெரியாது, ஜெயிச்சதெல்லாம் அவள், நான் வெறும் வாய் என்று சொல்லிவிட்டேன். சலூன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்து முடித்து, அண்ணி, அடுத்த ஆட்டத்துல நான் எங்கே நிக்கணும் என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒரு பொம்பளை சொல்லி நான் ஓடணுமா என்று விலகிவிட்டார், போகட்டும். இப்போது சித்தி சொந்தக் குரலில் கத்துகிறாள், ஏழு தெருவுக்குக் கேட்கிறது, நான் சமையலறையில் வெங்காயம் நறுக்குகிறேன், நிம்மதியாகத்தான் இருக்கிறது.

நோய்நொடி இல்லாமல், வைத்த குறி தப்பாமல் நூறு வருஷம் இரு. முக்கியமான விஷயத்தை மறந்துவிடாதே. அணியில் நாலாவது இடம் காலி. எனக்குத்தான் என்று மார்தட்டிக்கொண்டு போனேன், சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உனக்கு எழுதச் சொன்னாள். சனிக்கிழமை உன் சொந்தப் பேரிலேயே வரவேண்டுமாம், மைக்கைத் திறந்தே வைத்திருக்கவேண்டுமாம்.

தலைவியின் உத்தரவுப்படி,
உன் சித்தப்பா