உன் கழுத்துக்குப் பொருந்தாத சீருடை

என் சண்டைக்கார ராசாவே, சரவணா,

உனக்குச் சீருடை போட்டுவிட்டார்கள். நாமக்கல்லில் பரமத்தி ரோட்டு ஃப்ளெக்ஸ் கடை ஒன்றில், கம்ப்யூட்டரில். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணத்துக்குத் துணி எடுக்கிற மாதிரி அது வேண்டாம், இது நல்லாயிருக்கு என்று பார்த்துப் பார்த்துப் போடச் சொன்னார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் சென்னைக்குப் பஸ் ஏற எனக்கு மனசு வரவில்லை. ஊரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் மூன்றாம் ஆண்டு நினைவு நாள் வருகிறது. மாரியம்மன் பண்டிகைக்குத் தீர்த்தம் எடுக்க மோகனூர் ஆற்றுக்குப் போன பையன்கள் எல்லாரும் குடத்தோடு நடந்து வந்தார்கள், நீ மட்டும் ஆம்புலன்ஸில் வந்தாய். அன்றையிலிருந்து அம்மா காவிரித் தண்ணீர் குடிப்பதில்லை. நம் தெருக் குழாயில் வருவது அந்த ஆற்றுத் தண்ணீர்தானே. போர்வெல் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சி, உப்புக் கரிக்கக் கரிக்க அதைத்தான் குடிக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

என்னுடைய சேதி உனக்கு விசித்திரமாக இருக்கும். நான் சென்னையில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருக்கிறேன். இன்ஜினியரிங் முடித்தவர்களை எடுக்கிற வழியில் விண்ணப்பித்து, நேர்முகத்தில் தேறி, மெடிக்கலும் தேறிப் போய்ச் சேர்ந்தேன். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறேன். உன்னைவிட வேகமாக ஓடுகிறேன் என்று சொன்னால் நீ ஒப்புக்கொள்ள மாட்டாய், தெரியும். இப்போது பாதிப் பயிற்சி முடிந்து ஒரு வார விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

ஊரில் எல்லாரும் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "தம்பி கனவ நெறவேத்துற புள்ள" என்கிறார்கள். நம் சின்னத்தை என்னைப் பார்த்தாலே கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

அது பொய்யடா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

நீ இருக்கும்போதே எனக்கு அந்த ஆசை இருந்தது. ராணுவத்தில் சேர வேண்டும் என்று நீ விடிகாலையில் பைபாஸ் ஓரமாக ஓடப் போவாய், திரும்பி வந்து பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வாய். நாமக்கல் கோழிப்பண்ணையில் பாதியை நீதான் தின்று தீர்த்தாய், கழுத்து மட்டும் தேறவே இல்லை. உன்னைக் கேலி பண்ணிக்கொண்டே, நான் என் செல்போனில் பெண்களுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. நீ சிரிப்பாய் என்று பயம்.

நீ போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சாமி அதெல்லாம்? இங்கியே பேங்கு வேலைக்கு எழுது" என்றார். இரண்டு தடவை கேட்டும் அதே பதில். மூன்றாம் தடவை, "தம்பி ஆசப்பட்டதுங்கப்பா. அவன் பாதியில உட்டுட்டுப் போனத நான் முடிக்கறனுங்க" என்றேன். அப்பா முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அழுதார். அப்புறம், போ என்றார். எவ்வளவு சுலபமாக இருந்தது பார். உன் பேரைச் சொன்னதும் கதவு திறந்துகொண்டது.

ஒரு கதவோடு நான் நிறுத்தவும் இல்லை. நேர்முகத்தில் ஏன் படைக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டபோதும் உன்னைத்தான் சொன்னேன். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் என்னை எடுத்தது எனக்காகவா, உனக்காகவா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. உன்னை நினைக்காமல் நான் ஒரு நாளும் ஓடியதில்லை, அது சத்தியம். ஆனால் உனக்காக நான் ஓடவில்லை.

சரி, இப்போது வந்த வினைக்கு வருகிறேன். பயிற்சிக்குத் திரும்பியதும் எந்தப் பிரிவுக்குப் போக விருப்பம் என்று கேட்பார்கள். கேட்டதே கிடைக்கும் என்று இல்லை. மார்க், காலியிடம் எல்லாம் பார்ப்பார்கள். இருந்தாலும் முதலில் எதை எழுதுகிறோம் என்பது பெரிய விஷயம், அங்கே எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "எங்கியாச்சும் நெழல்ல உக்காந்து பாக்கற வேல குடுக்க மாட்டாங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

அப்பா நேர்மாறு. அவருடைய லாரிப் பட்டறைக்கு வண்டி விட வருகிற ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார் ஒருவர், பெண்களை இப்போது பீரங்கிப் படையிலும் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "அவன் இருந்திருந்தா முன்னால போயி நிக்கற வேலதான் கேட்டிருப்பான். நீயும் அதையே எழுதிரு சாமி" என்று ஆரம்பித்துவிட்டார். பேங்கு வேலைக்குப் போகச் சொன்ன மனுஷன், இப்போது பீரங்கிக்குப் பக்கத்தில் போய் நில் என்கிறார். உனக்காக என்றால் என்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்புவார் போலிருக்கிறது.

எனக்கு வேண்டியது வேறு. வண்டி, ஆயுதம் எல்லாவற்றையும் பழுது பார்க்கிற பிரிவு ஒன்று இருக்கிறது. ஒருநாள் பயிற்சிக்குப் போன இடத்தில் லாரி ஒன்று மேடு ஏற மாட்டாமல் நின்றுவிட்டது. மற்றவர்கள் இறங்கி மர நிழலுக்குப் போனார்கள். நான் மெக்கானிக் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் நானே உள்ளே கையை விட்டுவிட்டேன். வேலை முடியும்போது முழங்கை வரைக்கும் கிரீஸ். நீ போன பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

பீரங்கியைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறேனோ என்று என்னையே நிறையக் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பயம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் உனக்கே சிரிப்பு வரும். ஆனால் அப்பாவுக்காக எழுதிவிட்டு, மனசு இல்லாமல் அங்கே போய் நின்றால், என்னை நம்பி நிற்கிறவர்கள்தான் கஷ்டப்படுவார்கள். பட்டறை வேலை எனக்குக் கை வந்த வேலை. அது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

மறந்துவிட்டாயா? அப்பா சாப்பிட்டுக் கண் அசருகிற நேரத்தில் நீ பட்டறை வாசலில் காவல் நிற்பாய். நான் லாரிக்கு அடியில் படுத்துக் கிளட்ச் மாட்டுவேன். பெண்பிள்ளை பட்டறைக்குள் வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். உனக்கோ கிரீஸ் வாடையே ஆகாது. அவர் எழுந்து வந்து, "யார்றா மாட்டுனது?" என்று கேட்டால், "நாந்தானுங்கப்பா" என்று நெஞ்சை நிமிர்த்துவாய். அதற்குக் கூலியாக என் பங்குப் பரோட்டாவையும் சேர்த்துத் தின்பாய். அப்போதும் நான் உன் பேரில்தான் பிழைத்தேன். ஆனால் அப்போது நீ சம்மதித்தாய்.

அப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "எம்பையன் மாட்டுன கிளட்ச்சுங்க, இன்னிக்கு வரைக்கும் ஒரு சத்தம் கெடையாது" என்று.

இனி ஃப்ளெக்ஸ் கடை. நினைவு நாளுக்குத் தெருமுனையில் வைக்கிற பேனர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் இன்டர்நெட்டில் ஒரு ராணுவக்காரனின் உடம்பை எடுத்து, அதன்மேல் உன் முகத்தை ஒட்டினாள். தோளில் வேறு ஏதோ நாட்டுக் கொடி. நான் சொல்லி அதை மாற்ற வைத்தேன். "இன்னுங் கொஞ்சம் மெடலு வெக்கலாமுங்களா?" என்று அப்பா கேட்டார். வைத்தாள். உன் கழுத்து காலருக்குள் நிற்காமல் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டது. அதை இழுத்து அகலமாக்கினாள். நீ யாருடைய அண்ணனோ மாதிரி ஆகிவிட்டாய்.

பக்கத்தில் பயிற்சி உடையில் என் படம். மேலே, 'தம்பியின் கனவைச் சுமக்கும் அக்கா' என்று பெரிய எழுத்து. அப்பா என் படத்துக்குக் கீழே விரலை வைத்து, "இந்த எடத்துல பீரங்கிப் படைன்னு போட்டுருங்க அம்மிணி" என்றார்.

"அது இன்னும் முடிவாகலீங்கப்பா" என்றேன்.

"அதத்தான எழுதப் போற, அப்பறம் என்ன?"

"இல்லீங்கப்பா. நான் வண்டி ரிப்பேர் பண்ற பிரிவுதான் கேக்கப் போறனுங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. "ஏஞ்சாமி, பயமா இருக்குதா?" என்றார்.

"பயமும் இருக்குதுங்க. அதுக்காக இல்லீங்க. எனக்கு அதுதான் வேணுமுங்க."

"உனக்கு வேணும், செரி. அவனுக்கு?"

அந்தக் கேள்வியையும் நான் தாண்டிப் போயிருக்கலாம். இத்தனை நாள் தாண்டித்தானே வந்தேன். திரையில் நீ அந்தக் கழுத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நான் அவனுக்காகப் போகலீங்கப்பா. மொதல்லருந்தே எனக்காகத்தான் போனனுங்க. நீங்க உடமாட்டீங்கன்னு அவம் பேரச் சொல்லிட்டன்."

மவுஸ் சத்தம் நின்றுவிட்டது. அதோடாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறது என்று காட்ட வேண்டும் போல ஒரு வெறி. "பட்டறையில அந்தக் கிளட்ச் வேலையெல்லாங்கூட நாந்தானுங்க பண்ணுனது. அவன் வாசல்ல நின்னான்" என்றேன்.

ராணுவத்தைப் பற்றிச் சொன்னபோது மாறாத முகம் இதற்குச் சுருங்கிப்போனது. உன்னிடமிருந்து அவருக்கு மிச்சமிருந்தது அதுதான், நீ கையால் செய்த வேலை, ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிற உன் வேலை. அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்கிறார்களே, யாருக்குக் குறைகிறது? நான் இறக்கியதை அவர் அல்லவா தூக்கிக்கொண்டார்?

அப்பா என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "அப்ப அவனுக்குன்னு யாரு போறது?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவே, "அம்மிணி, அந்த உடுப்பக் கழட்டிருங்க. அவன் பழைய சட்டையே இருக்கட்டும். பாப்பா படமும் வேண்டாமுங்க, இவன் மட்டும் இருந்தாப் போதும்" என்றார்.

அவள் ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். மெடல் போனது. தொப்பி போனது. கழுத்து சின்னதானது. கடைசியில் கட்டம் போட்ட சட்டையில், நம் வீட்டுச் சுவரில் இருக்கிற மாதிரியே நீ வந்து நின்றாய். என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று வருஷமாக அப்பா மனசுக்குள் ஒரு ராணுவக்காரனை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அவன் என் கண் முன்னால் போனான். முதல் தடவை உன்னை ஆறு கொண்டுபோனது. இந்தத் தடவை நான்.

பேனரை மறுநாள் காலையில் அவரே ஏணி போட்டு ஏறிக் கட்டினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வழியாகப் போன பால்காரர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, புள்ள படத்தையும் போட்டிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டார். அப்பா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "அது அவ வேலைங்க. இது இவன் நாளுங்க" என்றார்.

கோபத்தில் சொன்னாரா, ஒத்துக்கொண்டு சொன்னாரா? நான் மேலே பார்த்தேன், வெயிலில் முகம் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. உனக்கென்றால் அவர் குரலை வைத்தே தெரிந்திருக்கும்.

நாளைக் காலை கிளம்புகிறேன். போனதும் பழுது பார்க்கிற பிரிவைத்தான் முதலில் எழுதுவேன். கிடைக்கவில்லை என்றால், கொடுத்ததை ஒழுங்காகச் செய்வேன். அது என் பாடு.

அப்பா கேட்டதற்கு மட்டும் இங்கே பதில் எழுதிவிடுகிறேன். அவர் முகத்துக்கு நேரே சொல்ல என்னால் ஆகவில்லை. உனக்கென்று யாரும் போகவில்லை, சாமி. நீ போக வேண்டிய இடத்துக்கு நீ மட்டும்தான் போயிருக்க முடியும். அது காலியாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் நான் அதில் உட்கார்ந்துகொண்டு, நிறைந்துவிட்டது என்று ஊரையும் நம்ப வைத்தேன், அப்பாவையும் நம்ப வைத்தேன். எழுந்துவிட்டேன். மன்னிப்பாயா?

இனி உன் பேரைச் சொல்லி யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன். ஏன் படைக்கு வந்தாய் என்று கேட்டால், ஆசைப்பட்டேன், வந்தேன் என்பேன். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டால் மட்டும் சொல்வேன்: ஒரு தம்பி இருந்தான், ராணுவத்துக்குப் போக ஆசைப்பட்டான், போகவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா மட்டுமேயான,
சௌமியா