பத்து மணி ஹாரன்

ஜூன் 3, 2016

விடாத மழை. எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில் இன்று பதினோரு குழந்தைகள், எல்லாம் மூக்கு ஒழுகிக்கொண்டு. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன தாய்மார் வரும்வரை நான்தான் பார்க்க வேண்டும். எதிர் லயத்து வரிசை வீடுகளில், எங்கள் வீட்டில், இன்னொரு குழந்தை. வயது நாற்பத்திரண்டு. என் அண்ணன் செல்லக்கண்ணு.

தை மாதத்திலிருந்து வெளியே வரவில்லை. குளிப்பதில்லை, பேச்சு இல்லை. பதினாலு வருஷம் கொழுந்து லாரியில் லோடு ஏற்றியவன். இன்னமும் காலை பத்து மணிக்கு லாரி ஹாரன் கேட்டால் மட்டும் எழுந்து வாசலில் வந்து நிற்கிறான். லாரி வளைவு தாண்டியதும் போய்ப் படுத்துக்கொள்கிறான். அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் நான் ஓடுகிறேன்.

ஜூன் 8

டவுன் ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போய் வந்தேன். மனநல டாக்டர் மாதத்தில் இரண்டாவது புதன் மட்டும்தான் வருவார். நர்ஸ் காளியம்மாள் கோயமுத்தூர்ப் பக்கம், நல்ல மனுஷி. "ஏனுங்க, ஆளைப் பாக்காம மாத்திரை குடுக்க மாட்டாங்க. எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

எப்படியாச்சும்! பஸ் என்றாலே கட்டில் காலைக் கட்டிக்கொள்கிறவனை? டாக்டர் வீட்டுக்கு வருவாரா என்று கேட்டேன். அத்தனை ஊருக்கும் அவர் ஒருத்தர்தானாம்.

ஜூன் 20

பக்கத்து வீட்டு மூக்கம்மா மந்திரித்த கயிறு கொண்டு வந்தாள். ஏற்கெனவே அண்ணன் கையில் இரண்டு இருக்கு, இடமில்லை போடி என்றேன். கோபித்துக்கொண்டாள்.

ஜூலை 9

கொழுந்து லாரி டிரைவர் மரியஅந்தோணியிடம், அண்ணனை டவுனுக்கு ஏற்றிப்போக முடியுமா என்று கேட்டேவிட்டேன். "லாரியில ஆள் ஏத்துனா என் சீட்டு கிழிஞ்சிரும், தங்கச்சி" என்று தலையைச் சொறிந்தார். பிறகு, "அவன் இல்லாம நானும் ஒத்தையாத்தான் ஓட்டுறேன். புதன்கிழமை டீசல் போடணும்னு சொல்லிட்டு டவுன் வரைக்கும் விடுறேன்" என்றார்.

ஜூலை 12

லோடு ஏற்ற ஆள் இல்லை, உன்னை வரச் சொல்கிறார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். பொய்தான். வேறு என்ன செய்ய? அவனாகவே பழைய தலைத்துண்டைத் தேடி எடுத்துத் துவைத்தான்.

ஜூலை 13

ஏறினான்! ஆறு மாதத்துக்குப் பிறகு. முன்சீட்டு வேண்டாமென்று பின்னால் ஏறி, கொழுந்து மூட்டைகளுக்கு நடுவில் நின்றான். அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரூம் பூட்டிக் கிடந்தது. டாக்டருக்கு அவசர மீட்டிங்காம். காளியம்மாள் யார் யாருக்கோ போன் போட்டார். "அடுத்த மாசம் பத்தாந்தேதி கட்டாயம் வந்துருவாங்க." நான் கத்திவிட்டேன் — அடுத்த மாசம் டாக்டர் வருவாருங்க, எங்கண்ணன் வருவானா? பாவம், அவர் என்ன செய்வார்.

வெளியே பெஞ்சில் அண்ணன் 'மனநலப் பிரிவு' என்ற போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைத்துண்டை அவிழ்த்து மடித்து மடியில் வைத்திருந்தான்.

"லோடு எங்க, ஞானம்?"

தை மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஜூலை 14

ஹாரன் அடித்தது. அவன் எழவில்லை.

ஜூலை 25

இன்றும் எழவில்லை. சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறானாம், மூக்கம்மா சொன்னாள். இருந்த ஒன்றையும் நானே கெடுத்தேனா? உண்மையைச் சொல்லியிருந்தால் வந்திருப்பானா? மாட்டான். ஐயோ, எனக்கு ஒண்ணுமே புரியல. பாவி நான்.

ஆகஸ்ட் 10

ஒன்பது மணிக்கே காளியம்மாள் போன். "டாக்டர் வந்துட்டாங்க, வெரசாக் கூட்டிட்டு வாங்க." அந்தோணி லாரியை லயத்து வாசலுக்கே கொண்டுவந்து ஹாரன் அடித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. லயமே வெளியே வந்து நின்றது. அண்ணன் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டான். நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன் — நெசமா டாக்டர்கிட்டதாண்ணே, இந்தத் தடவ பொய் இல்லண்ணே.

ஒரு மணிக்கு டாக்டர் கிளம்பிவிட்டாராம்.

ஆகஸ்ட் 11

அண்ணன் பேசினான். "ஹாரன் அடிக்க வேணாம்னு அந்தோணிகிட்ட சொல்லிரு."

சொன்னேன்.

ஆகஸ்ட் 12

பத்து மணிக்கு லாரி ஹாரன் அடிக்காமல் எங்கள் லயத்தைத் தாண்டிப் போனது. பச்சைக் கொழுந்து வாசம் பிள்ளைக்காம்பரா வரைக்கும் வந்தது. கையில் குழந்தையோடு எதிர் வாசலைப் பார்த்தேன். பழக்கம்.