திங்கட்கிழமை வயிற்றுவலி

சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
13-11-61, திங்கள் மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

பாக்கியம் எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், உன் மகள் லூர்து நால்வரும் ஆண்டவர் துணையால் சுகம். பிலாயில் நீயும் மச்சானும் குட்டி அமிர்தராஜும் சுகமாக இருக்கவேண்டுமென்று தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறோம்.

இங்கே மழை விடவில்லை. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகள் நனைந்து, அப்பா எடை போடும் மண்டியில் வாடை தாங்க முடியவில்லையாம். அவர் சட்டையோடு அது வீட்டுக்கும் வந்துவிடுகிறது. அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அப்பாவுக்கு எழுத்து தெரியாததால் வழக்கம்போல் நான்தான் படித்துக் காட்டினேன். வாராவாரம் வயிற்றுவலியால் துடிக்கிறவளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, கிறிஸ்துமஸுக்கு மச்சான் வந்து பெயரை எடுத்துவிட்டு அழைத்துக்கொண்டு வந்துவிடட்டும், இங்கே பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் வீட்டோடு இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, பாக்கியமும்தான் ஆறாவதோடு நின்றாள், அவளுக்கு என்ன குறைந்துபோயிற்று என்று இருந்தது. அந்த வரியையும் விடாமல்தான் படித்தேன். அப்பா, "அவ சொல்றதும் சரிதான்" என்றார்.

அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். நேரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும்.

லூர்துவுக்கு வலி வருவது திங்கட்கிழமை காலையில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும் கறிதான் காரணம் என்று அப்பா முடிவு செய்து, ஜூலையிலிருந்து வீட்டில் கறியே இல்லை. ஞாயிறு சாயங்காலம் விளக்கெண்ணெய் வேறு. அவள் அடம் பிடிக்கமாட்டாள். மூக்கைப் பிடித்துக் குடித்துவிட்டு மூலையில் போய் உட்காருவாள். அப்படியும் திங்கட்கிழமை வலி வந்தது. பழைய கறி இன்னும் உள்ளே கிடக்கிறது என்றார் அப்பா.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அப்பா கறிக்கதையைச் சொன்னதும் அவர், "வேற கிழமையில கறி குடுத்துப் பாத்தேளா?" என்று கேட்டார். பிறகு லூர்துவின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, நாக்கைப் பார்த்து, வெகுநேரம் ஏதேதோ விசாரித்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்லே. திங்கட்கிழமைதான் இருக்கு. பள்ளிக்கூடத்துல என்ன நடக்கறதுன்னு போய்ப் பாருங்கோ" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, "மருந்து எழுதத் தெரியல, கேலி பேசுறாரு" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

எனக்கு மட்டும் புரிந்தது. நம் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை முதல் மணிக்கு, நேற்றுப் பூசைக்குப் போனாயா, சாமியார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார், என்ன பிரசங்கம் வைத்தார் என்று ஒவ்வொருத்தியாக முன்னால் நிறுத்திக் கேட்பார்களே, உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு அது விளையாட்டு. பூசைக்கு வராத நாளிலும் பிரசங்கம் சொல்லிவிடுவாய். எனக்கும் பதில் எல்லாம் தெரியும். ஆனால் முன்னால் போனதும் உள்ளங்கை சில்லிட்டு, வயிறு பிசைந்து, கண் இருட்டும். மூன்று முறை விழுந்தேன். பலவீனம் என்று சொல்லி அப்பா என் பெயரை எடுத்தார். பலவீனமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மா சொல்வாள், ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்ததும் நீ சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்தாயாம். நான் அழக்கூடச் செய்யாமல் குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டேனாம். லூர்துவும் அப்படியே கக்கியதை நானே பார்த்தேன். நீ மடியில்தானே வைத்திருந்தாய். அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடமும் தெரியாது, கறியும் தெரியாது. நாங்கள் இருவரும் வரும்போதே இப்படி வந்திருக்கிறோம். இது நோயில்லை அக்கா. அவசரப்படுத்தினால்தான் வயிற்றில் போய் நோயாக உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது லூர்துவின் வகுப்புக்கு வரும் அக்னஸ் டீச்சரிடம் சொல்லலாம் என்று இரண்டு நாள் பள்ளி வாசலில் நின்றேன். இரண்டு நாளும் அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். நின்றபடியே படித்துவிட்டு, "வாயால சொல்லியிருந்தா ஒரு நிமிஷம்டி. இதுக்கு மூணு நாளா?" என்று சிரித்தார்கள். பிறகு தாளை மடித்து வைத்துக்கொண்டு, "என் வகுப்புல நீ விழுந்தியே, அப்பவும் இதுதானா?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதிலிருந்து லூர்து முன்னால் போகவேண்டாம். தன் இடத்திலிருந்தே பக்கத்துப் பெண்ணிடம் சொல்கிறாள், டீச்சர் அருகில் நின்று கேட்டுக்கொள்கிறார்கள். இன்றோடு மூன்று திங்கட்கிழமை ஆயிற்று, வலி இல்லை. நேற்று அம்மாவைக் கெஞ்சிக் கறி எடுக்க வைத்தேன். லூர்து இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள். இன்று காலை தானே ரிப்பன் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தூக்கத்தில் பல் கடிப்பதும் நின்றிருக்கிறது.

அவள் உன்னைப்போல் ஆகிவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. முன்னால் போய் நிற்க வருஷக்கணக்கில் ஆகலாம். ஒருவேளை நிற்காமலே போகலாம். அதற்காகப் பெயரை எடுத்துவிடாதே. எனக்கு என்ன குறைந்தது என்று கேட்டிருந்தாய். அவள் பூகோளப் புத்தகத்தை அவள் தூங்கிய பிறகு நான் எடுத்துப் படிக்கிறேன்.

இன்லண்ட் தாளில் இடம் முடியப்போகிறது. பதிலை அப்பா பெயருக்கே எழுது. நீ சொன்னால் அவர் கேட்பார். "லூர்து அங்கேயே படிக்கட்டும்" என்று ஒரு வரி போதும். எப்படியும் நான்தான் படித்துக் காட்டவேண்டும். அந்த வரியை நடுவீட்டில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி படிப்பேன்.

மாதா உங்களைக் காக்கட்டும். அமிர்தராஜுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை
பாக்கியமேரி