முன்தாழ்வாரத்தில் நான்கு வெள்ளைச் சேலைகள்

டிசம்பர் 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். நிற்கிறது, ஆசை காட்டுகிறது, திரும்பவும் ஆரம்பிக்கிறது. நேற்று துவைத்தது எதுவும் காயவில்லை. முந்தாநாள் துவைத்ததும் அப்படியே. இன்று துவைக்க வேண்டியது கிணற்றடியில் மூட்டையாக.

வீட்டில் எத்தனை பேர் என்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்து எண்ணினேன். மாமா, அத்தை. மூத்தார், சரோஜா அக்கா, அவர்கள் பிள்ளைகள் நான்கு (கடைசி கைக்குழந்தை, அது ஒன்றே மூன்று ஆளுக்குச் சமம்). இவர், நான், எங்கள் இரண்டு. நாத்தனார் வசந்தா. ஆக பதிமூன்று. எல்லோரும் தினமும் உடுத்துகிறார்கள். என்ன அவசரமோ.

இன்று துணி காயும் இடங்கள்:
கூடத்துக் கொடி: பாவாடைகள். கீழே போகிறவர் தலையில் சொட்டு.
அடுப்பங்கரை: மூத்தார் வேட்டி. நாளைக்குச் சாம்பார் வாசனையோடு ஆபீஸ் போவார்.
பஞ்சாரம்: உள்ளே தணல் சட்டி, மேலே குழந்தைத் துணி. கோழி வெளியே. அதற்கு என் மேல் கோபம்.
மாமாவின் சாய்வு நாற்காலி: என் ரவிக்கைகள்.

மாமா நின்றுகொண்டே பேப்பர் படித்தார். "இத்தினி வருசம் ரயில்வேல நின்னேன். ரிட்டையர் ஆகியும் நிக்கறேன்மா."

சாயங்காலம் இவர் கடைத்தெருவிலிருந்து வசந்தாவின் சேலைகளை வாங்கி வந்தார். நான்கு, எல்லாம் சுத்த வெள்ளை. வ.வுக்குக் கடலூரில் நர்ஸ் ட்ரெயினிங் கிடைத்திருக்கிறது, திங்கள்கிழமை போய்ச் சேர வேண்டும், இதுதான் அங்கே உடுப்பு. ரயில்வே கேட் பக்கம் சைக்கிள் வழுக்கி, பார்சல் சேற்றில். வீட்டுக்கு வந்தது நான்கு செம்மண் சேலை.

எல்லோரும் சேலையைப் பார்த்து ஐயோ என்றோம். இவர் முழங்கையைக் காட்டி, "நானுந்தான் வுழுந்தேன். ஒருத்தரும் கேக்கல."

அத்தைக்கு இந்த ட்ரெயினிங்கே பிடிக்கவில்லை. கல்யாணமாகாத பெண் வெள்ளைச் சேலை கட்டுவதா என்பதுதான் விஷயம். மாமா சரி என்று சொல்லிவிட்டதால் வாயைத் திறக்காமல் முகத்தாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று திறந்துவிட்டார்கள். "பாத்தீங்களா? சேலைக்கே போவ இஷ்டமில்ல."

வ. பார்சல் காகிதத்தை மட்டும் மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 2, புதன்

மழை. பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகள் வீட்டில். தலைவலி.

காலையிலேயே நானும் வ.வும் நான்கு சேலையையும் துவைத்தோம். சேறு போக மூன்று தண்ணி. நீலம் போட்டோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்துப் பிழிகிற பிழியலில் என் வளையல் ஒன்று உடைந்தது. இந்த வீட்டில் என்னோடு கல்லில் நிற்கிற ஒரே ஆள் அவள்தான். சரோஜா அக்காவுக்குக் குழந்தை, அத்தைக்கு முழங்கால். இவள் போனால் எனக்கு இரண்டு கை குறையும். இருந்தாலும் போக வேண்டும். மற்ற பெண்கள் சினிமாவைப் பற்றிப் பேசும்போது இவள் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பேசுகிறவள். இங்கே உட்கார்ந்து யாருக்குப் பார்ப்பாள்?

காற்று வருகிற இடம் முன்தாழ்வாரம் ஒன்றுதான். அங்கே வரிசையாகப் போட்டேன். கூடம் ஒழுகுவதால் பெஞ்சையும் தூக்கி வாசலில் போட்டாயிற்று.

அத்தை வந்து பார்த்தார்கள். "வாசல்லயா? வெள்ளையையா?"

"காத்து அங்கதான் அடிக்குது அத்தை."

"ஊர்ல நாலு பேர் கண்ணுல படாதா?"

"பட்டாலும் காஞ்சா சரி அத்தை."

அத்தை எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சா போவட்டும். ஈரச் சேலைய பெட்டியில வெச்சு எம்பொண்ண அனுப்ப மாட்டேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்றால் ஒருநாளும் இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திங்கள் போகாவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்கு. வ. ஒரு மணிக்கு ஒருதரம் போய்ச் சேலை நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். பார்த்துப் பார்த்தே ஈரமாக்கிவிடுவாள் போல.

உப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

டிசம்பர் 3, வியாழன்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்கே பிறகு நம்பிக்கை வராது.

பத்து மணி வாக்கில் தெருமுனையில் ஓலம். பார்த்தால் மங்கலம்பேட்டை சித்தி, அத்தையின் கூடப் பிறந்த தங்கை. அவிழ்ந்த கூந்தல், நனைந்த சேலை, மாரில் அடித்துக்கொண்டு. "மாமா! எங்க எல்லாரையும் வுட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா! பொங்கலுக்கு வரேன்னு சொன்னீங்களே!"

பின்னால் அவர்கள் தெரு ஆட்கள் மூன்று பேர். ஒருவர் கையில் மாலை. நல்ல ரோஜா மாலை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரோஜா அக்கா குழந்தையோடு சுவரோடு சுவராக. பிள்ளைகள் வாசலில் கூட்டமாக. மாமா கொல்லையிலிருந்து தலை துவட்டிக்கொண்டே வந்து, "யாரு போயிட்டாங்க?"

சித்தி நிமிர்ந்து பார்த்தார்கள். அழுகை பாதியில் நின்றது, வாய் மட்டும் திறந்தபடி. ஓர் அடி பின்னால் வைத்தார்கள், ஈரச் சிமெண்டில் சர்ரென்று வழுக்கி உட்கார்ந்தார்கள். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம்.

விஷயம் இதுதான். அவர்கள் தெரு முட்டை வியாபாரி நேற்று இந்த வழியாக ஜங்ஷனுக்குப் போயிருக்கிறார். வாசலில் வெள்ளைச் சேலை வரிசையாகத் தொங்குகிறது, பெஞ்சு வெளியே கிடக்கிறது, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகாமல் நிற்கிறார்கள். கூட்டிக் கணக்குப் போட்டு, "உங்க மாமா தவறிட்டாரு" என்று சொல்லிவிட்டார்.

மாமாதான் முதலில் சிரித்தது. "நான்தான் போயிட்டேன் போலக்குது. வந்தவங்களுக்கு டீ போடுங்கம்மா." மாலையை வாங்கித் தன் நாற்காலியில் மாட்டினார், என் ரவிக்கைகளுக்கு மேல். மாலை கொண்டுவந்தவர் தலை நிமிரவே இல்லை. இரண்டு டம்ளர் டீ குடித்தார்.

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுப்பங்கரைக்குப் போனதும் நின்றுவிட்டது. அத்தை மூலையில் உட்கார்ந்து தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு நிமிசம் அவ அழுவறத கேட்டு எனக்கே நெஜமாட்டம் ஆயிடுச்சு. அவரு கொல்லைல இருக்கறது தெரிஞ்சும். அந்தச் சேலைய எடுத்துடு. வசந்தா போவ வேணாம்."

"செத்துட்டாருன்னு பேச்சு வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்வாங்க அத்தை."

"சொல்வாங்க. எடு."

எடுத்தேன். நான்கும் இன்னும் ஈரம்.

வ. இதற்குள் சித்தியின் காலைக் கழுவி, மஞ்சள் வைத்து, மூத்தாரின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டு போட்டுவிட்டாள். காய்ந்த துணி என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அழுதாளா என்று பார்த்தேன். கட்டு போட்டு முடித்த பிறகுதான் அழுதாள்.

டிசம்பர் 4, வெள்ளி

மழை. சித்தியால் நடக்க முடியவில்லை, இங்கேயே. ஆக பதினாலு பேர். அவர்கள் மாற்றிக் கட்ட என் சேலை ஒன்று போயிற்று.

சேலைகள் அண்டாவில் சுருண்டு கிடக்கின்றன. ஈரவாடை ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு நாள் விட்டால் கரும்புள்ளி விழும், பிறகு எந்த நீலமும் ஒன்றும் செய்யாது.

விடியற்காலை இவரிடம் சொன்னேன். இவர் வேலை செய்வது பீங்கான் பட்டறையில், கப்பு செய்கிற இடம். "சூளை பக்கத்துல ஒரு ரூமு இருக்குதே, சுடாத கப்பெல்லாம் காய வெக்கிறது. அங்க கொண்டுட்டுப் போங்களேன்."

"அம்மா வேணாம்னாங்களே."

"போவ வேணாம்னாங்க. காய வேணாம்னு சொல்லல."

கொஞ்சம் யோசித்தார். "மொதலாளி ஒத்துக்கணும்." அண்டாவில் இருந்ததை எல்லாம் சாக்கில் அடைத்து சைக்கிளில் கட்டினேன். மெதுவாகப் போகச் சொன்னேன். இந்தத் தடவை முழங்கையைப் பற்றியும் விசாரித்தேன்.

சித்தி காலை நீட்டி உட்கார்ந்து அத்தையிடம்: "எவ்வளவு பதமா கட்டுனா தெரியுமா? எங்கூரு டாக்டரு கட்டுனா உசிரு போவும். இந்தக் கைய வூட்ல பூட்டி வெக்கப் போறியாக்கா?"

அத்தை: "நீ வாய மூடு. நீ அழுத அழுகைதான் எல்லாத்துக்கும்."

சித்தி மூடவில்லை. நாள் முழுக்க.

டிசம்பர் 5, சனி

காய்ந்துவிட்டது! நான்கும்! இவர் சாக்கைத் திறந்ததும் கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே வரைக்கும் கதகதப்பு. எத்தனை நாளாயிற்று காய்ந்த துணியைத் தொட்டு. முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மண் வாசனை. மேலெல்லாம் பீங்கான் மாவுத் தூசி. உதறினால் போச்சு, உதறாவிட்டாலும் வெள்ளை மேல் வெள்ளை, யாருக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. அவசரத்தில் அத்தையின் அரக்குச் சேலையையும் சாக்கில் போட்டிருக்கிறேன். கயிற்றில் இடம் போதாமல் இவர் அதைக் கப்பு அடுக்குகிற பலகையில் விரித்திருக்கிறார். சேலை முழுக்க வரிசை வரிசையாக வெள்ளை வட்டம்.

"என்னடா இது?"

"கப்பு வெக்கிற எடம்மா."

அத்தை வட்டங்களையே பார்த்தார்கள். பிறகு வாய் ஓரம் லேசாக. சிரிப்புதான். வியாழனுக்குப் பிறகு முதல் தடவை. சேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "இந்தா, எண்ணுங்க. கணக்கு வரட்டும்" என்றார்கள்.

வெள்ளைச் சேலைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வ. நான்கையும் மடித்து பெட்டி பக்கத்தில் வைத்தாள். பெட்டிக்குள் வைக்கவில்லை. அத்தை பார்க்கும்போது பெட்டியைத் திறக்க அவளுக்குத் தைரியமில்லை. எனக்கும்தான்.

டிசம்பர் 6, ஞாயிறு

காலையில் கூடத்துக்கு வந்தால், மடித்து வைத்த இடத்தில் சேலைகள் இல்லை. வ.வை எழுப்பாமல் தேடினேன். சாமி படத்துக்கு முன்னால் இருந்தன, நான்கும், பலகை மேல். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு சேலையின் மூலையிலும் தடவிக்கொண்டிருந்தார்கள். புதுத்துணிக்குப் பொட்டளவு தடவுவதுதான் வழக்கம். இது கை நிறைய. நான்கு மூலைக்கும். நான்கு சேலைக்கும்.

நான் நிற்பதைப் பார்த்து, "மஞ்ச பட்டுட்டா அப்புறம் எது வெள்ளச் சேலை? புதுச் சேலை, அவ்வளவுதான். கொசுவத்துல சொருவிக்கிட்டா அங்க யாரு பாக்கப் போறாங்க?"

"ஆமாங்கத்தை."

"என்ன ஆமா? மூலையெல்லாம் ஈரமாயிடுச்சு. எடுத்துக் காய வை."

பஞ்சாரத்தைத் தேடி ஓடினேன். கோழியை மறுபடி வெளியே விரட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, புகை என்று சொல்லிக்கொண்டேன். புகையே இல்லை, நல்ல தணல்.

வ. எழுந்து வந்து மூலையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மஞ்சள். அத்தையிடம் போய் ஒட்டி உட்கார்ந்தாள். "தள்ளுடி, வேலை கெடக்குது" என்றார்கள். தள்ளவில்லை.

டிசம்பர் 7, திங்கள்

தூறல். கடலூர் பஸ் காலையில். மாமா, இவர், வ., பெட்டி. அத்தை பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை, முழங்கால் வலியாம். தெருமுனை வரை வந்தார்கள். வ. "போயிட்டு வரேம்மா" என்றாள். அத்தை, "ஈரத் துணிய உடம்புல போடாத" என்று மட்டும்.

சித்தியும் அதே நேரத்தில் மங்கலம்பேட்டை பஸ்ஸுக்கு, நொண்டிக்கொண்டு. முட்டை வியாபாரியை ஒரு கை பார்க்கப் போகிறார்களாம்.

தனியாகத் துவைத்தேன். போர்வையைப் பிழிய மறுமுனைக்கு ஆள் இல்லை. கிணற்றுத் தூணில் சுற்றிப் பிழிந்தேன்.

டிசம்பர் 9, புதன்

வெயில்! சுள்ளென்று! தெரு முழுக்கத் துணி. வேலி, கூரை, மாட்டுவண்டி நுகத்தடி, எதையும் விடவில்லை யாரும். மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர்.

பதினோரு மணிக்குள் இரண்டு அண்டா துவைத்தேன். போர்வையைப் பிழியத் தூணைத் தேடினால் அத்தை மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "முறுக்கு, என்ன பாக்கற?" முழங்காலைப் பற்றி நான் கேட்கவில்லை.

காயப்போட வாசலுக்கு வந்தேன். முன்தாழ்வாரத்துக் கொடியில் அத்தையே ஏற்கனவே போட்டிருந்தார்கள். அரக்குச் சேலை, மாமா துண்டு, பிள்ளைகள் சட்டை, நெருக்கி நெருக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி. நடுவில் மட்டும் நான்கு சேலை அகலத்துக்குக் கயிறு சும்மா கிடந்தது.

"இங்க போர்வை போடவா அத்தை?"

"வேற எடத்துல போடு."