பதினாறாயிரத்துக்கு மேல்

நைனா,

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. நீ இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசாதவள், இப்போது உனக்குக் கடிதம் எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

காலையில் தூசி தட்ட, உன் ஆம்ப்ளிஃபயர் மேல் கிடந்த பழைய லுங்கியை எடுத்தேன். எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் கரித்தூள் அதில் படிந்து கறுத்திருந்தது. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். “அவரு தெவசத்தன்னிக்கு அவருக்குப் புடிச்ச அந்தப் பாட்டு ஓடணும்மே. ஞாயித்துக்கெழம மெக்கானிக்க வரச் சொல்லிகீறேன்” என்றாள்.

செட்டில் எந்தக் கோளாறும் இல்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு நீ வாங்கியது அது. அம்மா பீரோ கேட்டாள். நீ இரண்டு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். யானைக்கவுனியில் ஏதோ ஒரு கடையில், ஹை-ரெசல்யூஷன் பாட்டு என்று ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ஃபைலும் அத்தனை பெரிது. “வெயிட்டான பாட்டும்மே! குந்து, கண்ண மூடு. அந்தம்மா பாடறதுக்கு முன்ன மூச்சு இழுக்குது பாரு, கேக்குதா?” என்றாய்.

கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை பாய் மாமாவும் உன்னோடு வேலை பார்த்த இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். “செல்லுல கேக்கறதுக்கும் இதுக்கும் இன்னா மாமு வித்தியாசம்?” என்று பாய் மாமா சீண்டினார். சமையலறை வாசலில் நின்ற என்னை நீ கூப்பிட்டாய். “எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறா. அவளே சொல்லுவா. சொல்லும்மே, கூச்சப்படாத.”

லேப்டாப்பில் அந்தப் பாட்டின் அதிர்வெண் படத்தைத் திறந்து காட்டினேன். பதினாறாயிரம் ஹெர்ட்ஸ் வரை நிறம். அதற்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறும் கறுப்பு. “இது ஹை-ரெசல்யூஷனே இல்ல நைனா. சாதா எம்பி3-ய ஊதிப் பெருசாக்கி வச்சிருக்கான். மேல ஒண்ணுமே இல்ல.”

நாலு பேர் முன்னால் என் குரல் நடுங்காமல் வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

“இன்னா தோஸ்து, காலி டப்பாவுக்கா எங்கள குந்த வச்சி ஷோ காட்டிகினு கீற!” என்று பாய் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். எல்லோரையும்விட நீதான் அதிக நேரம் சிரித்தாய்.

மறுநாள் லுங்கி ஏறியது. “செட்டு பூட்ச்சு” என்று நீ அம்மாவிடம் சொன்னது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. நான் வெளியே வரவில்லை. பிறகு நீ இருந்த ஏழு மாதமும் அதைத் தொடவே இல்லை.

வேலை கிடைத்ததும் அதே பாட்டை அசல் ஃபைலாக வாங்கி, நல்ல ஹெட்போனில் கேட்டேன். மூச்சு அப்படியேதான் இருந்தது. பதினாறாயிரத்துக்கு மேல் இருப்பது என் காதுக்கே எட்டவில்லை. வின்ச் இரைச்சலில் தேய்ந்த உன் காதுக்குப் பதினாறாயிரத்தில் பாதி எட்டியிருந்தாலே பெரிது. அந்த அறையில் யாருக்குமே கேட்காத ஒன்றை இல்லையென்று நிரூபித்து, உனக்குக் கேட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன்.

உன்மேலும் கோபம்தான். “போடி, எனக்குக் கேக்குது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலேஜ் படிக்கிறவள் சொல்லிவிட்டாள் என்று உன் காதையே நம்பாமல் போனாயே, இதற்கா என்னைப் படிக்கவைத்தாய்?

மெக்கானிக் வந்து சுவிட்சைப் போட்டால் செட்டு பாடிவிடும்; அது கெடவே இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன் நானே உள்ளே ஒரு ஒயரைக் கழற்றி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். படித்த படிப்பு அதற்கும் உதவும்.

அப்படிச் செய்ய மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், சம்மதம் கொடு நைனா. நீ அவளிடம் பொய் சொன்னாய் என்று ஆகும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னாய் என்பதும் அவளுக்குத் தெரியட்டும்.