ரோசி யார் வீட்டு நாய்?

என்னங்க,

நன்றாக இருக்கிறீர்களா என்று எழுதத்தான் கை போகிறது. எழுதியும்விட்டேன், இருக்கட்டும். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். ரோசியும் நன்றாக இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உங்கள் கம்பெனி பஸ் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. விடியற்காலைப் பனியில் குன்றத்தூர் மலைக்கோயில் இருக்கும் இடமே தெரியாது. ஒரகடம் பக்கமிருந்து பஸ்ஸின் விளக்கு மட்டும் மெல்ல மிதந்து வரும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பாதித் தூக்கத்தோடு இறங்குவார்கள். ரோசி ஒவ்வொருவர் ஷூவையும் மோந்து பார்ப்பாள். கதவு மூடி பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.

நான் சாலையோரமாகப் பால் பாக்கெட்டோடு நிற்பேன். பால் வாங்கத்தான் வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் கடைசியாக இறங்குகிற ஆள் யார் என்று நானும்தான் பார்ப்பேன். நாய்க்கு அறிவில்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அவள் கழுத்தில் உங்கள் பழைய நீலப் பட்டையைக் கட்டிவிட்டீர்களே, ஐ.டி. கார்டு மாட்டித் தொங்கவிடுவது, அதனால் ஒரு பெரிய கூத்து நடந்துவிட்டது. நீங்கள் போன பிறகு ஒருநாள் நகராட்சி நாய் வண்டி வந்தது. கழுத்தில் பட்டை இருந்தால் வீட்டு நாய், பிடிக்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். உடனே எல்லோருக்கும் உங்கள் ரோசி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். வீட்டுக்கு ஒருவர் கம்பெனி வேலைக்குப் போகிற நம் தெருவில் நீலப் பட்டைக்கா பஞ்சம்? வண்டி முனை திரும்புவதற்குள் மணி, ஜிம்மி, டீக்கடைக் கறுப்பி என்று எல்லா நாய்க்கும் பட்டை ஏறிவிட்டது. பார்த்தால், எல்லாம் ஜெனரல் ஷிப்டுக்குக் கிளம்பியதுபோல இருந்தது. "நம்ம நாய்தான் சார்" என்று வாசலுக்கு வாசல் ஒரே பேச்சு. வண்டி காலியாகத் திரும்பிப் போனது. நானும் சேர்ந்து கைதட்டினேன்.

அந்த வண்டி எதற்கு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டு போய், குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். நாங்கள் அவற்றைக் காப்பாற்றியது அந்த ஊசியிடமிருந்துதான்.

அப்புறம் ஒரு சாயங்காலம் முத்துலட்சுமியை நாய் கடித்துவிட்டது. மாடி அறையில் இருக்கிறாளே, உங்களை அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிடுவாளே, அந்தத் தென்காசிப் பெண்தான். வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது.

"எந்த நாயின்னு தெரியலக்கா. கழுத்துல நீலப் பட்ட கெடந்துச்சு, அம்புட்டுதான் பாத்தேன்" என்றாள்.

குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினேன். ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கடித்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். எந்த நாய்க்குத்தான் போட்டிருந்தோம்?

மறுநாள் காலை வண்டி மறுபடி வந்தது. கூடவே சுகாதாரப் பிரிவு மேடமும் வந்தார். பட்டை கட்டிய நாய்கள் எல்லாவற்றையும் வெறிநோய் இருக்கிறதா என்று சில நாள் கூண்டில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். சொந்தக்காரர் உண்டென்றால் வீட்டிலேயே கட்டிப்போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஊசி, லைசென்ஸ், நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழி, எல்லாம் அந்தச் சொந்தக்காரர் பொறுப்பு. அன்றைக்கு நம்ம நாய் நம்ம நாய் என்றவர்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கார அம்மா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "த பாரு கலா, நாயி என்னுதுன்னு சொல்லிக்கினு போய் நின்னியானா வூட்ட காலி பண்ணிடு. இன்னொருத்தர கட்ச்சிதுன்னா என்னாண்டதான் வந்து கத்துவாங்க."

வேறு வீடு கிடைக்காது என்றில்லை. உங்கள் பை மாட்டிய ஆணி இந்த வீட்டில்தான் இருக்கிறது. வேறு எங்காவது போய்விட்டால் உங்களுக்கு வழி தெரியுமா? இப்படியெல்லாமா ஒருத்தி யோசிப்பாள் என்று சிரிக்காதீர்கள். யோசித்தேன்.

வண்டியில் வந்த வலைக்காரர்கள் நம் வாசலுக்கு வந்தார்கள். ரோசி ஓடவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர்கள் ஷூவை மோந்து பார்த்தாள்.

"இது யாரோடதும்மா?" என்று மேடம் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரோடது." எப்போதும் அப்படித்தானே சொல்வேன். நீங்கள் குட்டியாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கே, உங்கள் நாயை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்த்துச் சொன்னவள்தானே நான்.

"அவரக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

"அவரு இல்லைங்க."

"எப்போ வருவாரு?"

நான் குனிந்து ரோசியின் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். மாடிப்படியில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்த முத்துலட்சுமிதான், "அண்ணாச்சி தவறிட்டாக மேடம்" என்றாள்.

மேடம் குரலை இறக்கிக் கேட்டார். "அப்போ இப்ப இது யாரோடதும்மா? உயிரோட இருக்கறவங்க பேருதான் எழுத முடியும்."

"என்னோடதுதாங்க. என் பேர எழுதிக்குங்க."

சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் திரும்பி வரப்போவதில்லை என்பதை அன்றைக்குத்தான், நம் வாசலில், அத்தனை பேர் முன்னால் நான் ஒப்புக்கொண்டேன். காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை. ரோசி என் காலில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "மணி எங்களுது மேடம்" என்று ஒரு குரல் வந்தது. சொந்தம் சொல்ல ஆள் வராத நாய்களை வண்டி கொண்டுபோனது. எல்லாம் ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டோடு, ஊசி போட்டு, நம் தெருவுக்கே திரும்பி வந்துவிட்டன. எந்த நாய்க்கும் வெறி இல்லை. கடித்தது எது என்று கடைசிவரை தெரியவே இல்லை. முத்துலட்சுமி எல்லா ஊசியும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ரோசியைத் தாண்டிப் போகும்போது மட்டும் இன்னும் காலைத் தூக்கிக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

வீட்டுக்கார அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், "கட்டிவச்சிக்கோ. வாசல்ல அசிங்கம் பண்ணா நீதான் அள்ளணும்" என்றார். அள்ளுகிறேன். ரோசிக்கு ஆபரேஷன் ஆனது, லைசென்ஸும் வாங்கியாயிற்று. விடிந்ததும் கயிற்றில் கட்டித்தான் கூட்டிப்போகிறேன். நேற்று பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே என்னை ஏரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர்மேல் பனி நின்றது. நாங்கள் இருவரும் வெகுநேரம் சும்மா நடந்தோம்.

போன வாரம் கனவில் வந்தீர்களே. பஸ்ஸிலிருந்து இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விசிலடித்து அவளைக் கூப்பிட்டீர்கள். அவளும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உங்களிடம் ஓடி வந்தாள். போனவர்கள் கனவில் வந்து கூப்பிட்டால் கூடவே கூட்டிப்போய்விடுவார்கள் என்பார்களே. விழித்து ஓடிப் போய்ப் பார்த்தேன். கதவோரம் தூங்கிக்கொண்டிருந்தாள், வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வருஷா வருஷம் அவளுக்கு ஊசி போட்டுவிடுவேன். கயிறில்லாமல் தெருவில் விடமாட்டேன். இது நான் உங்களுக்குச் செய்து தருகிற சத்தியம். நீங்களும் எனக்கு ஒன்று சொல்லவேண்டும். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். அவள் தலையைத் தடவிவிட்டுப் போங்கள். கூப்பிட மட்டும் கூப்பிடாதீர்கள். அவள் இப்போது என் நாய்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் ரோசிக்குச் சொந்தக்காரியுமான
கலா