அப்பாவின் படிவத்தில் நான் நிரப்பாத வரி

அன்புள்ள அம்மாவுக்கு, வினிதா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மைசூரில் நானும் அப்பாவும் நலம்.

இங்கே விஜயநகர்ப் பகுதியில் அப்பா சாரம் கட்டும் கட்டடத்தில் நேற்று ஒரு பலகை நழுவி மணலில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதீர்கள். உடனே மேஸ்திரி, தினமும் சாரத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு ஒரே பெருமை. கன்னடப் படிவத்தை என்னை நிரப்பச் சொன்னார். அதில், சோதிப்பவர் பயிற்சி பெற்றவரா என்று கேட்டிருக்கிறது.

“இருவது வருசமா சாரம் கட்டறேன் கண்ணு. எனக்கு எவன் சொல்லித் தரோணும்? ஆமான்னு எழுது” என்றார்.

எழுதிவிட்டதாகச் சொன்னேன். ஆனால் எழுதவில்லை அம்மா. நாளைக்கு யாராவது விழுந்தால் அப்பாவைத்தானே பிடிப்பார்கள்? அவர் கட்டிய சாரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். ஆனால் மற்றவர்கள் கட்டியதில் தப்புக் கண்டுபிடிப்பது தனி வேலையாம். அதற்கு ஐந்து நாள் பயிற்சி உண்டு என்று அந்தக் கட்டடத்து எஞ்சினியர் ஸ்ரீதேவி அக்கா சொன்னார். நான் சொன்னால் அப்பா வருத்தப்படுவார். நீங்கள் சொன்னால் போவார்.

போன், தூங்கும் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. அதனால்தான் நாளைக் காலையில் நம் ஊர் மார்டள்ளிக்கு வரும் மகேந்திரன் மாமாவிடம் இதைக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். விஷயத்தை மாமா சொன்னதாகவே அப்பாவிடம் சொல்லுங்கள். மாமா திரும்பி வரும்போது அவரிடம் இட்லிப்பொடியும், நீங்கள் உடுத்திய புடவை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அப்பா புரண்டு படுக்கிறார். நீங்கள் பேசும்வரை, அவர் எவ்வளவு திட்டினாலும், படிவத்தை என் பையிலிருந்து எடுக்க மாட்டேன்.

உங்கள் வினிதா